பதில் வராதபோது குரலை உயர்த்தலாமா

ஒரு கைப்பேசி விழித்தெழுந்து ஒரு வலையமைப்புக்குள் நுழைய முயலும் முதல் நொடியைப் பற்றிக் கடந்த சில மாதங்களாக எழுதியும் அழித்தும் வருகிறேன். அந்த நொடியில் கைப்பேசிக்கும் அடிநிலையத்துக்கும் (செல் கோபுரம் போன்ற மறுமுனை நிலையம்) இடையே எந்த உடன்பாடும் ஏற்பட்டிருக்காது. இணைப்பு ஏற்பட்ட பிறகு "இவ்வளவு கூட்டு, இவ்வளவு குறை" என்று அடிநிலையம் தொடர்ந்து கட்டளையிட்டுத் திறனைத் திருத்திக்கொண்டே இருக்கும். முதல் சமிக்ஞையை மட்டும், தான் காதில் வாங்கியதை வைத்துக்கொண்டு, கைப்பேசி தானாகவே கணக்கிட்டு அனுப்பியாக வேண்டும். உரிமம் பெற்ற அலைக்கற்றையில் இந்தக் கணக்கு பல ஆண்டுகளாக நன்றாக ஓடிவருகிறது. வைஃபை முதலான கருவிகள் பகிர்ந்துகொள்ளும், உரிமம் தேவைப்படாத 5 கிகாஹெர்ட்ஸ், 6 கிகாஹெர்ட்ஸ் பட்டைகளுக்கு அதே கணக்கைக் கொண்டுபோனால் எங்கே இடறும் என்பதை, நானே எழுதிய ஒரு சிறிய சிமுலேட்டரில் இடறிய பிறகுதான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

முதலில் அந்தக் கணக்கைப் பார்த்துவிடலாம். அடிநிலையம் தன் ஒத்திசைவுச் சமிக்ஞையை எவ்வளவு திறனில் அனுப்புகிறது என்பதைத் தானே ஒலிபரப்பில் அறிவிக்கிறது. கைப்பேசி அதைத் தன்னிடத்தில் அளக்கிறது. அனுப்பியதற்கும் வந்து சேர்ந்ததற்கும் உள்ள வேறுபாடே பாதை இழப்பு. அடிநிலையம் இன்னொரு எண்ணையும் அறிவிக்கிறது: "உன் முதல் சமிக்ஞை என்னிடம் இந்த அளவில் வந்து சேர வேண்டும்" என்ற இலக்கு. அந்த இலக்கோடு பாதை இழப்பைக் கூட்டினால் கைப்பேசி அனுப்ப வேண்டிய திறன் கிடைத்துவிடும். அது கைப்பேசியின் உச்சத் திறனைத் தாண்டினால் உச்சத்தோடு நின்றுவிடும். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். இதில் டிபிஎம் என்பது 1 மில்லிவாட்டை 0 என்று வைத்துக்கொண்டு திறனை டெசிபெல்லில் சொல்லும் அளவு; துணை அலைகள் என்பவை சேனலைப் பிரித்துக்கொள்ளும் குறுகிய அலைகள். 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில், 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 1,272 துணை அலைகளுக்கு மொத்தம் 23 டிபிஎம் திறனை அடிநிலையம் பகிர்ந்தளித்தால், ஒரு துணை அலைக்கு ஏறத்தாழ −8 டிபிஎம் கிடைக்கும். கைப்பேசி அதை −108 டிபிஎம் என்று அளந்தால் பாதை இழப்பு 100 டெசிபெல். இலக்கு −100 டிபிஎம் என்றால் கைப்பேசி 0 டிபிஎம், அதாவது 1 மில்லிவாட் திறனில் தன் முதல் குரலை எழுப்பும். அதன் உச்சம் 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட் என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு அடக்கமான தொடக்கம் என்பது விளங்கும்.

அந்த முதல் குரலுக்கு ப்ரீஆம்பிள் என்று பெயர். அதில் செய்தி எதுவும் கிடையாது; "நான் ஒருவன் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லும் ஓர் ஒழுங்கான அலைவடிவம், அவ்வளவுதான். அதைக் கேட்ட அடிநிலையம் ஒரு பதிலை அனுப்பும். அந்தப் பதிலில் உள்ள அனுமதியை வைத்துக் கைப்பேசி தன் அடையாளத்தோடு மூன்றாவது செய்தியை அனுப்பும். ஒரே ப்ரீஆம்பிளை இருவர் தேர்ந்தெடுத்திருந்தால் எவரை ஏற்றோம் என்பதை நான்காவது செய்தி தீர்த்துவைக்கும். முதல் ப்ரீஆம்பிளுக்குக் குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் வராவிட்டால் கைப்பேசி இன்னொரு முறை, கொஞ்சம் கூடுதல் திறனில் முயலும். ஒவ்வொரு முறையும் கூட்டும் அளவு 0, 2, 4, 6 டெசிபெல் என்ற நான்கில் ஒன்றாக இருக்கும்; எது என்பதை அடிநிலையமே முன்கூட்டி அறிவித்திருக்கும்.

ஏன் இந்தப் படிப்படியான ஏற்றம் என்று கேட்கலாம். முதலாவது காரணம், கைப்பேசியின் தொடக்கக் கணக்கு துல்லியமானதல்ல. வழக்கமான சூழலில் ஒரு கைப்பேசி தான் நினைத்த திறனிலிருந்து 9 டெசிபெல் வரை மேலேயோ கீழேயோ விலகலாம் என்று தரநிலையே இடம் கொடுக்கிறது. 9 டெசிபெல் என்பது ஏறத்தாழ 8 மடங்கு. குறைத்துக் கணக்கிட்ட கைப்பேசிக்கு மேலே ஏற ஒரு படிக்கட்டு வேண்டும். இரண்டாவது காரணம், எடுத்த எடுப்பில் உச்சத் திறனில் கத்தினால் அருகிலிருக்கும் ஒரு கைப்பேசியே தொலைவிலிருக்கும் மற்றவற்றின் மெல்லிய குரலை மூழ்கடித்துவிடும். எனவே தாழ்ந்து தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் உயர்வது என்ற நெறியை எல்.டி.இ., அதாவது 4ஜி, கடைப்பிடித்தது; 5ஜியும் அதையே எடுத்துக்கொண்டது.

இந்த நெறிக்கு அடியில் சொல்லப்படாத ஓர் அனுமானம் இருக்கிறது: பதில் வரவில்லை என்றால் என் குரல் எட்டவில்லை. உரிமம் பெற்ற அலைக்கற்றையில் இது பெரும்பாலும் உண்மை. அங்கே மோதலால் பதில் தவறிப்போவது உண்டு. ஆனால் அடிநிலையம் பேச நினைத்தும் பேச முடியாமல் போவது கிடையாது, கைப்பேசி அனுப்ப நினைத்தும் வாயைத் திறக்க முடியாமல் போவதும் கிடையாது. உரிமம் தேவைப்படாத பட்டையில் இவை இரண்டும் அன்றாட நிகழ்வுகள். அங்கே மௌனத்துக்கு ஒரு பொருள் அல்ல, பல பொருள்கள் உண்டு. அவற்றுள் ஒன்றுக்கு மட்டுமே திறனைக் கூட்டுவது மருந்து. இந்தப் பட்டையில் திறனைத் தீர்மானிப்பது என்பது, உண்மையில், மௌனத்தைச் சரியாகப் படிப்பதுதான் என்று நான் நினைக்கிறேன்.

என் சிமுலேட்டரில் நடந்ததைச் சொல்கிறேன். உரிமம் தேவைப்படாத பட்டையில் அனுப்புவதற்கு முன் கேட்டாக வேண்டும். சேனலில் வேறு எவராவது பேசிக்கொண்டிருந்தால் பொறுத்திருக்க வேண்டும். ப்ரீஆம்பிளுக்கு மிக உயர்ந்த முன்னுரிமை வகுப்பு தரப்பட்டிருப்பதால் காத்திருப்பு குறுகியது: சேனல் 34 மைக்ரோநொடி அமைதியாக இருக்க வேண்டும், அதன் பிறகு 0 முதல் 3 வரை தற்செயலாகத் தேர்ந்த எண்ணிக்கையில் 9 மைக்ரோநொடித் துண்டுகள் கழிய வேண்டும். அவ்வளவு குறுகியதாக இருந்தும், ப்ரீஆம்பிளுக்கென ஒதுக்கப்பட்ட நேரம் வரும்போது சேனல் ஓய்ந்திருக்காவிட்டால் அந்த வாய்ப்பு போயிற்று. அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். நான் எழுதிய நிரலில் முயற்சிகளை எண்ண ஒரே ஓர் எண்ணியை வைத்திருந்தேன். ஒவ்வொரு வாய்ப்பிலும் அது ஒன்று கூடும், திறன் ஒரு படி ஏறும். சேனல் ஓய்ந்திருக்காததால் வாயையே திறக்காத முயற்சியும் அந்த எண்ணியில் ஒரு முயற்சியாகப் பதிவாகிக்கொண்டிருந்தது.

மேலே சொன்ன எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். படி 4 டெசிபெல். முதல் மூன்று வாய்ப்புகளிலும் யாரோ ஒருவர் வைஃபையில் பேசிக்கொண்டிருந்ததால் கைப்பேசி எதையும் அனுப்பவில்லை. நான்காவது வாய்ப்பில் சேனல் ஓய்ந்தது. என் நிரல் அப்போது 12 டிபிஎம் திறனில் அனுப்பியது. 1 மில்லிவாட் போதுமானதாக இருந்திருக்கக்கூடிய இடத்தில் 16 மில்லிவாட். அடிநிலையம் இந்தக் கைப்பேசியிடமிருந்து அதுவரை ஒரு முறைகூட எதையும் கேட்டிருக்கவில்லை. 1 மில்லிவாட் போதாது என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. சேனலில் நெரிசல் கூடக் கூட எல்லாக் கைப்பேசிகளும் கேட்கும் நிலையிலேயே தடைபட்டு, தடைபடுவதாலேயே திறனை ஏற்றி, ஏற்றிய திறனால் மேலும் பலரைத் தடைசெய்யத் தொடங்கின. வரைபடத்தில் அந்தக் கோடு வளைந்து ஏறியதைப் பார்த்த மாலையில்தான் தரநிலை ஆவணத்தை மீண்டும் பொறுமையாகப் படித்தேன்.

கைப்பேசி வலையமைப்புகளுக்குத் தரநிலை வகுக்கும் 3ஜிபிபி என்ற அமைப்பின் 16ஆம் வெளியீட்டில்தான் 5ஜி உரிமம் தேவைப்படாத பட்டையில் தனித்து இயங்கும் வழி வந்தது. அந்த அமைப்பின் 38.321 என்ற ஆவணம் இரண்டு எண்ணிகளைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. ஒன்று, முயற்சிகளின் எண்ணிக்கை; இது எப்போது கைவிட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. மற்றது, திறன் ஏற்றத்தின் எண்ணிக்கை. இது எவ்வளவு உரக்கப் பேச வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. உரிமம் பெற்ற 5ஜியிலேயே இவ்விரண்டும் பிரிந்துவிட்டன: அனுப்பும் கற்றையின் திசையைக் கைப்பேசி மாற்றிக்கொண்டாலோ வேறொரு ஒத்திசைவுச் சமிக்ஞையைத் தேர்ந்தெடுத்தாலோ திறன் எண்ணி ஏறாது, ஏனென்றால் புதிய திசையில் பழைய தோல்விக்குப் பொருள் இல்லை. 16ஆம் வெளியீடு அதோடு ஒரு நிபந்தனையைச் சேர்த்தது: சென்ற முறை ப்ரீஆம்பிள் சேனல் கேட்பில் தடைபட்டது என்று கீழடுக்கு (கைப்பேசியில் அலையை நேரடியாகக் கையாளும் பகுதி) சொல்லியிருந்தால் திறன் எண்ணியைக் கூட்டாதே. ஒரே ஒரு வரிதான். என் நிரலில் அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் மேலே வளைந்துகொண்டிருந்த கோடு படுத்துவிட்டது. பேசாத பேச்சுக்குப் பதில் வரவில்லை என்று குரலை உயர்த்தக் கூடாது என்ற எளிய நியாயம், நிரலில் எவ்வளவு எளிதாகத் தவறிப்போகிறது என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

முயற்சி எண்ணியைப் பொறுத்தவரை விதி சற்று நுட்பமானது. தொடர்ந்து சேனல் கிடைக்காமையைக் கண்டறியும் வசதி அமைக்கப்பட்டிருந்தால், தடைபட்ட முயற்சி அந்த எண்ணியிலும் சேராது, அமைக்கப்படாவிட்டால் சேரும். இது சரியான ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது. வசதி இருக்கும்போது தடைகளை எண்ணுவதற்கு வேறொரு கணக்குப்புத்தகம் இருக்கிறது: 10 முதல் 320 மில்லிநொடி வரை வைக்கக்கூடிய ஒரு டைமர் காலாவதியாகும் முன் அடுத்தடுத்த தடைகள் 4 முதல் 128 வரையிலான ஒரு வரம்பைத் தொட்டால், இந்தப் பகுதி பேசத்தக்கதல்ல என்று முடிவு செய்து, ப்ரீஆம்பிளுக்கு இடமுள்ள வேறோர் அலைவரிசைப் பகுதிக்குக் கைப்பேசி மாறி அங்கே அணுகலைப் புதிதாகத் தொடங்கும். புதிதாகத் தொடங்குவதால் திறனும் அடிப்படியிலிருந்தே தொடங்குகிறது. அந்த வசதி இல்லாதபோது, முயற்சி எண்ணியாவது ஓடாவிட்டால் கைப்பேசி முடிவே இல்லாமல் காத்திருக்க நேரும்.

இது வரை கைப்பேசி பேச முடியாமல் போன கதை. அது பேசிவிட்டு, அடிநிலையம் பதில் சொல்ல முடியாமல் போன கதை இன்னும் சிக்கலானது, ஏனென்றால் அங்கே கைப்பேசிக்கு உண்மை தெரியாது. அடிநிலையமும் பேசுமுன் கேட்டாக வேண்டும். ப்ரீஆம்பிளைத் தெளிவாகக் கேட்டு, பதிலையும் ஆயத்தம் செய்துவிட்டு, சேனல் கிடைக்காமல் அது நின்றுகொண்டிருக்கலாம். இதற்காகவே பதிலுக்குக் காத்திருக்கும் கால அளவை 10 மில்லிநொடியிலிருந்து 40 மில்லிநொடி வரை நீட்டினார்கள். பதில் எவருக்குரியது என்பதைக் குறிக்கும் எண் 10 மில்லிநொடிக்கு ஒருமுறை திரும்ப வருவதால், எந்தச் சட்டகத்தில் (10 மில்லிநொடி நேரத்துண்டு) வந்த ப்ரீஆம்பிளுக்கான பதில் இது என்பதைப் பிரித்தறிய, சட்டக எண்ணின் கடைசி இரண்டு பிட்டுகளையும் பதிலோடு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். இரண்டு பிட்டுகளில் நான்கு சட்டகங்கள். நான்கு சட்டகங்களில் 40 மில்லிநொடி. கணக்கு அழகாகப் பொருந்துகிறது.

ஆனாலும் 40 மில்லிநொடியும் கடந்து பதில் வராவிட்டால், விதிப்படி கைப்பேசி திறனை ஏற்றும். அடிநிலையம் கேட்டதா, கேட்டும் பேச முடியவில்லையா, கேட்கவே இல்லையா, கேட்கவில்லை என்றால் திறன் குறைவாலா குறுக்கீட்டாலா என்பது எதுவும் அதற்குத் தெரியாது. குறுக்கீட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். கீழிணைப்பும் (அடிநிலையத்திலிருந்து கைப்பேசிக்கு) மேலிணைப்பும் (கைப்பேசியிலிருந்து அடிநிலையத்துக்கு) ஒரே அதிர்வெண்ணில் நடப்பதால் பாதை இழப்பு இரு திசையிலும் ஒன்றுதான். கைப்பேசி அளந்தது அடிநிலையத்துக்கும் பொருந்தும். இரைச்சல் அப்படியல்ல. கைப்பேசி தன்னைச் சுற்றியுள்ள இரைச்சலைத்தான் கேட்கிறது. அடிநிலையத்தைச் சுற்றியுள்ளதை அல்ல. அடிநிலையத்திலிருந்து 15 மீட்டரில், 20 டிபிஎம் திறனில் பேசும் ஒரு வைஃபை கருவி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் தடையில்லாவிட்டால் 5.5 கிகாஹெர்ட்ஸில் அதன் சமிக்ஞை அடிநிலையத்தில் −51 டிபிஎம் அளவில் விழும். தொலைவிலுள்ள கைப்பேசிக்கு அது கேட்காது. அதனால் சேனல் ஓய்ந்திருப்பதாக நம்பித் தன் ப்ரீஆம்பிளை அனுப்பும். −100 டிபிஎம் அளவில் வந்து சேரும் அந்தக் குரலுக்கும் இரைச்சலுக்கும் இடையே 49 டெசிபெல் வேறுபாடு. இங்கே 4 டெசிபெல் ஏற்றுவது செவிடன் காதில் ஊதிய சங்குதான். மாறாக, வைஃபை ஒரே மூச்சில் அனுப்பும் ஒரு சட்டகம் எவ்வளவு நீண்டாலும் ஏறத்தாழ 5.5 மில்லிநொடிக்கு மேல் போகாது. சற்றே பொறுத்து, அதே திறனில் மீண்டும் அனுப்பியிருந்தாலே போதுமானதாக இருந்திருக்கலாம்.

ஆகவே, பதிலின்மைக்குக் காரணம் தெரியாதபோது ஏற்றத்தைத் தாமதப்படுத்துவதே நல்லது என்ற கருத்துக்கு நான் வந்திருக்கிறேன். கைப்பேசியிடம் சில தடயங்கள் இருக்கவே செய்கின்றன. பதிலுக்காகக் காத்திருக்கும் 40 மில்லிநொடியில் அது எப்படியும் செவியைத் திறந்துதான் வைத்திருக்கிறது. அந்த நேரத்தின் பெரும்பகுதியில் சேனலில் வேறு எவரோ பேசிக்கொண்டிருந்ததை அது அளந்திருந்தால், அடிநிலையத்துக்கும் பேச இடம் கிடைக்காமல் போயிருக்க வாய்ப்பு மிகுதி. அந்த முறை திறனை ஏற்றாமல் விடலாம். மாறாக, அதே அடிநிலையம் அந்த இடைவெளியில் மற்றவர்களுக்குப் பதில் அனுப்பியதை அது கேட்டிருந்தால், அடிநிலையத்துக்குச் சேனல் கிடைத்தது, தன் குரல்தான் எட்டவில்லை என்று கொள்ளலாம். அப்போது ஏற்றுவது நியாயம். இது தரநிலையில் உள்ள விதி அல்ல, என் சிமுலேட்டரில் நான் முயன்று பார்த்த ஒன்று. இதற்கு ஒரு விலையும் உண்டு: உண்மையிலேயே தொலைவிலிருந்து, திறன் போதாமல் தவிக்கும் கைப்பேசி, நெரிசலான நேரத்தில் ஏறாமல் நின்று தாமதமாகும். அந்தத் தாமதத்தை எவ்வளவு பொறுத்துக்கொள்ளலாம் என்பது எதற்காக அந்த வலையமைப்பு என்பதைப் பொறுத்தது. ஒரு தொழிற்கூடத்தில் இயந்திரங்களை இணைக்கும் வலையமைப்பில் நான் இந்தத் தயக்கத்தை இவ்வளவு துணிவாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏற்றத்துக்கு மேலே ஒரு கூரையும் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு நீண்ட நாள் பிடித்தது. உரிமம் பெற்ற பட்டையில் கைப்பேசியின் மொத்தத் திறன்தான் எல்லை. உரிமம் தேவைப்படாத பட்டையில் பல நாடுகளின் விதிகள் மொத்தத் திறனோடு, ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸிலும் எவ்வளவு திறன் இருக்கலாம் என்பதையும் கட்டுப்படுத்துகின்றன. ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 301 893இன்படி, 5150 முதல் 5350 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் திறன் கட்டுப்பாடு உள்ள கருவிக்கு மொத்தம் 23 டிபிஎம், மெகாஹெர்ட்ஸுக்கு 10 டிபிஎம். அதோடு, பெயரளவு சேனல் அகலத்தில் 80 விழுக்காடாவது சமிக்ஞை பரவியிருக்க வேண்டும் என்பது பொது விதி. 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் அது 16 மெகாஹெர்ட்ஸ்.

இப்போது வழக்கமான 5ஜியின் குறும் ப்ரீஆம்பிளைப் பாருங்கள். அது 139 துணை அலைகள் நீளமுள்ளது. 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 2 மெகாஹெர்ட்ஸைச் சற்றே தாண்டும். மெகாஹெர்ட்ஸுக்கு 10 டிபிஎம் என்ற எல்லையில் அதன் மொத்தத் திறன் 13 டிபிஎம் அளவிலேயே நின்றுவிடும். கைப்பேசியின் வன்பொருளில் இன்னும் 10 டெசிபெல் மிச்சமிருந்தும் அதைப் பயன்படுத்த விதி விடாது. நம் எடுத்துக்காட்டில் 0 டிபிஎம்மில் தொடங்கி 4, 8, 12 என்று மூன்று படி ஏறியதுமே கூரை தலையில் இடிக்கிறது; அதற்குப் பிறகு எண்ணி ஏறினாலும் குரல் ஏறாது. 16ஆம் வெளியீட்டில் இதற்காகவே நீண்ட வரிசைகள் சேர்க்கப்பட்டன: 15 கிலோஹெர்ட்ஸுக்கு 1,151, 30 கிலோஹெர்ட்ஸுக்கு 571. இரண்டுமே 17 மெகாஹெர்ட்ஸை ஒட்டிப் பரவுகின்றன. 16 மெகாஹெர்ட்ஸ் என்ற பரவல் விதியும் நிறைவேறுகிறது, கூரையும் 22 டிபிஎம்முக்கு உயர்கிறது. ஒன்பது டெசிபெல் இடம், ஒரு மில்லிவாட்டையும் விதிக்கு எதிராகச் செலவிடாமல் கிடைத்தது. திறனைக் கூட்டுவதற்கு வழி பரப்பி வைப்பதுதான் என்பது முதலில் முரணாகத் தோன்றும். எல்லை மெகாஹெர்ட்ஸுக்கு என்று வரையறுக்கப்பட்டிருக்கும் இடத்தில் அதுதான் இயல்பான வழி.

மூன்றாவது செய்தியிலும் இதே கருத்துதான் வேறு வடிவில் வருகிறது. 30 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஒரு வளத்தொகுதி, அதாவது சேர்த்து ஒதுக்கப்படும் 12 துணை அலைகள், 360 கிலோஹெர்ட்ஸ் அகலம். பத்துத் தொகுதிகளை அடுத்தடுத்து வைத்தால் 3.6 மெகாஹெர்ட்ஸ், எல்லை 15.6 டிபிஎம்மை ஒட்டி வரும். ஐந்து தொகுதிக்கு ஒன்றாக இடைவிட்டு வைத்தால் ஒவ்வொன்றும் மற்றதிலிருந்து 1.8 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும். எந்த ஒரு மெகாஹெர்ட்ஸிலும் ஒன்றுக்கு மேல் விழாது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் 10 டிபிஎம், பத்துக்கும் சேர்த்து 20 டிபிஎம். பின்னல் போல அமைந்த இந்த ஒதுக்கீட்டை 5ஜி ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் இந்த எளிய கூட்டல்தான்.

ப்ரீஆம்பிளின் வடிவத்துக்கும் திறனுக்கும் உள்ள உறவை இங்கேயே ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். பி4 என்ற வடிவம் அதே அலையை 12 முறை திரும்பச் சொல்கிறது. ஏ1 என்ற வடிவம் 2 முறைதான் சொல்கிறது. ஆறு மடங்கு குறைவாகச் சொல்வதை ஈடுகட்ட ஏ1 வடிவத்தின் இலக்கில் 8 டெசிபெல் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று அட்டவணை சொல்கிறது. ஆறின் மடக்கையைப் பத்தால் பெருக்கிப் பார்த்தால் 7.8 வரும். அட்டவணைகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல என்பதைக் காட்டும் இப்படிப்பட்ட இடங்கள் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகின்றன.

பாதை இழப்பு அளவீட்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அடிநிலையத்தின் ஒத்திசைவுச் சமிக்ஞையும் சேனல் கிடைத்தால்தான் வெளியே வரும். உரிமம் பெற்ற பட்டையில் அது கடிகாரம் தவறாமல் வரும் என்று நம்பிக் கைப்பேசி அளவீடுகளைச் சராசரி எடுக்கலாம். இங்கே சில முறை அது வராமலேயே போகும். வராத நேரத்தில் அளந்த வெறும் இரைச்சலையும் சராசரியில் சேர்த்துவிட்டால், சமிக்ஞை உண்மையைவிட வலுக்குறைந்ததாகத் தோன்றும். பாதை இழப்பு கூடுதலாகக் கணக்காகும். முதல் ப்ரீஆம்பிளே தேவையைவிட உரத்து எழும். எனவே, சமிக்ஞை உண்மையில் இருந்தது என்று உறுதிசெய்த அளவீடுகளை மட்டும் சராசரியில் சேர்க்க வேண்டும். இதுவும் பேசாத பேச்சைப் பேச்சாகக் கணக்கில் சேர்க்கும் அதே பிழைதான்; இம்முறை எதிர்முனையில்.

மூன்றாவது செய்திக்கு வருவோம், ஏனென்றால் முதல் செய்தியில் செய்த பிழை அதோடு முடிந்துவிடுவதில்லை. மூன்றாவது செய்தியின் அடிப்படை இலக்கு, ப்ரீஆம்பிளின் இலக்கோடு −2 முதல் 12 டெசிபெல் வரையிலான ஒரு வேறுபாட்டைக் கூட்டிப் பெறப்படுகிறது. அதன் மேல், முதல் ப்ரீஆம்பிளிலிருந்து கடைசி ப்ரீஆம்பிள் வரை ஏறிய மொத்த ஏற்றமும் உச்சத் திறன் அனுமதிக்கும் வரை அப்படியே சேர்கிறது. காரணமில்லாமல் 12 டெசிபெல் ஏறிய கைப்பேசி, அந்த 12 டெசிபெல்லையும் சுமந்துகொண்டே மூன்றாவது செய்திக்கு வரும். அடிநிலையம் தன் பதிலில் மூன்று பிட்டுகளால் ஒரு திருத்தம் சொல்லலாம். அது −6 முதல் 8 டெசிபெல் வரை, இரண்டிரண்டாக. குறைப்பதற்கு 6 டெசிபெல்தான் எல்லை என்பதைக் கவனியுங்கள். 12 டெசிபெல் அதிகமாக வந்தவரை ஒரே கட்டளையில் கீழே இறக்க முடியாது. ஏற்றத்தைத் தொடக்கத்திலேயே கட்டுக்குள் வைத்திருப்பதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உரக்கப் பேசுபவர் நுட்பமாகக் கேட்கவும் வேண்டும் என்ற நெறியையும் குறிப்பிட வேண்டும். சேனல் ஓய்ந்திருக்கிறதா என்று தீர்மானிக்கும் ஆற்றல் வரம்பு, 20 மெகாஹெர்ட்ஸில் 23 டிபிஎம் திறனுக்கு −72 டிபிஎம். திறன் ஒரு டெசிபெல் குறையக் குறைய வரம்பு ஒரு டெசிபெல் தளர்ந்து, 13 டிபிஎம்மில் −62 டிபிஎம் வரை போகும். மெல்லப் பேசுபவர் மற்றவரைக் குறைவாகத் தொந்தரவு செய்வதால் அவருக்குக் கொஞ்சம் கூடுதல் இடம். மிகவும் நேர்மையான பரிமாற்றம் இது. ஆனால் 3ஜிபிபியின் கணக்கில் கைப்பேசி இந்தச் சூத்திரத்தில் போட வேண்டியது தன் உச்சத் திறனை. இந்த முறை உண்மையில் அனுப்பப்போகும் திறனை அல்ல. 1 மில்லிவாட்டில் பேசவிருக்கும் ப்ரீஆம்பிளுக்கும் 200 மில்லிவாட்டில் பேசுபவருக்குரிய கடுமையே. பாதுகாப்பான தேர்வு என்பதில் ஐயமில்லை. எனினும் மெல்லத் தொடங்கும் கைப்பேசிக்கு அந்த அடக்கத்தின் பலன் கிடைக்காமல் போவது எனக்கு வருத்தமே.

வைஃபை உலகம் நீண்ட காலம் இந்தக் கணக்கு எதுவும் இல்லாமலே ஓடியது. வைஃபை 6 வந்தபோது, பல கருவிகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு துண்டுகளில் அணுகல் புள்ளிக்கு அனுப்ப வேண்டிய நிலை வந்தது. அப்போது எல்லாரும் ஏறத்தாழ ஒரே அளவில் வந்து சேர வேண்டியதாயிற்று. அணுகல் புள்ளி அனுப்பும் தூண்டல் சட்டகத்தில் தன் திறனையும், −110 முதல் −20 டிபிஎம் வரையிலான இலக்கு அளவையும் குறிக்கிறது. கருவி பாதை இழப்பைக் கணக்கிட்டுத் தன் திறனை அமைக்கிறது. இன்னும் இணைப்புப் பெறாத கருவிகளும் தற்செயல் முறையில் இதே வழியில் நுழையலாம். செல்லுலார் உலகம் அடைந்த அதே சூத்திரத்தை இன்னொரு வழியில் வந்து அடைந்திருக்கிறார்கள். ஒரு வேறுபாடு எனக்குப் பிடித்தது: இலக்கு ஒவ்வொரு தூண்டலிலும் புதிதாக வருகிறது. அணுகல் புள்ளி தன்னைச் சுற்றி இரைச்சல் கூடியதை உணர்ந்தால், உடனே இலக்கை மாற்றிச் சொல்லலாம்.

5ஜியில் இலக்கு அடிநிலையம் ஒலிபரப்பும் அமைப்புத் தகவலில் இருக்கிறது, அடிக்கடி மாறுவதில்லை. ஆனால் மாற்றக் கூடாது என்று எந்தத் தடையும் இல்லை. தன்னைச் சுற்றியுள்ள குறுக்கீட்டை அளக்கக்கூடிய ஒரே தரப்பு அடிநிலையம்தான். ஒவ்வொரு கைப்பேசியும் படிப்படியாக ஏறித் தடவித் தேடும் அளவை, அது ஒரே எண்ணில் எல்லாருக்கும் சொல்லிவிட முடியும். என் சிமுலேட்டரில் இப்போது படியை 2 டெசிபெல்லாகக் குறைத்துவிட்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அடிநிலையம் தன் இரைச்சல் தளத்தை அளந்து, குறுகிய வெடிப்புகளை விலக்கிவிட்டு, நிலையாக உயர்ந்திருக்கும் பகுதியை மட்டும் இலக்கில் கூட்டி அறிவிக்கும்படி எழுதிக்கொண்டிருக்கிறேன். குறுகிய வெடிப்பு எது, நிலையான உயர்வு எது என்று பிரிக்கும் எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் இந்த வாரம் முழுவதும் போகிறது.